கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதன் பிறகே இடஒதுக்கீடு வழியாக நம் பிள்ளைகள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார முடிந்தது. இன்றும் பொதுத்துறை வங்கிகளின் அதிகாரி தேர்வில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் உண்டு.

ஆனால் உள்ளே போனபின் ஏணி பாதியில் நின்றுவிடுகிறது. முதல் நிலை அதிகாரிக்கு மேலான பதவி உயர்வுகளில் இடஒதுக்கீடு இல்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கீழே, துப்புரவும் காவலும் பல கிளைகளில் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டன. அங்கே வேலை உறுதி இல்லை. தனியார் வங்கிகளிலோ இடஒதுக்கீடே கிடையாது. பொதுத்துறை வங்கியை விற்கும் பேச்சு எழும்போதெல்லாம் நம் பிள்ளைகளின் வேலையும் சேர்ந்தே விலைபோகிறது.

மாணவர்களே, தேர்வுக்குப் படியுங்கள். பணியில் இருப்போரே, இடஒதுக்கீட்டுப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதற்கென்றே ஒவ்வொரு பொதுத்துறை வங்கியிலும் தொடர்பு அலுவலர் இருக்கிறார். நாம் கேட்காவிட்டால் அந்தப் பதிவேடு திறக்கப்படாது.