மணலா? மாநகரா?

(இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவன்)

அயல்நாட்டுச் சுற்றுலா என்றாலே பலர் கடற்கரையைத்தான் நாடுகின்றனர். மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போனால், பத்து பெரிங்கி மணலில் படுத்திருப்பதே இன்பம் என்பர். உடலுக்கு ஓய்வு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால், வேதியியல் பயிலும் எனக்கு எக்கடலின் உப்பும் ஒன்றே!

அதே தீவின் ஜார்ஜ் டவுன் நகரோ, மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், சீனர் குலமன்றங்களும் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் நிற்கின்றன. கப்பலேறிப் போன நம்மவர் உழைப்புக்கு அவை சாட்சி அல்லவா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்போன்றோர்க்கு வெளிநாட்டுப் பயணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. அதில் ஒருநாள் கடலுக்கு. எஞ்சிய நாளெல்லாம் நகருக்கு! இதுவே என் கட்சி.