ஹோட்டல் செலவு இல்லாமல் வெளிநாட்டு டூர்... மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளுக்கு ‘வீட்டுப் பரிமாற்றம்’ சரிப்பட்டு வருமா?

நாலு பேர் கொண்ட ஒரு சென்னைக் குடும்பம் 2 வாரம் ஐரோப்பா போய் வர நினைத்தால், விமான டிக்கெட்டுக்கு அடுத்து கையைக் கடிப்பது தங்கும் செலவுதான். ஓர் இரவுக்கு 120 யூரோ என்று வைத்துக்கொண்டாலே 14 இரவுக்கு 1,680 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வட்டமாகக் கணக்குப் போட்டால் 1.68 லட்சம் ரூபாய். அதுவும் நாலு பேரும் ஒரே ரூமில் முடங்கிக்கொண்டால்! மூணு வேளையும் வெளியே சாப்பிடும் செலவு தனி.

இந்தச் செலவைத் தவிர்க்கும் வழியாகப் பேசப்படுவதுதான் ‘ஹோம் எக்ஸ்சேஞ்ச்’, அதாவது வீட்டுப் பரிமாற்றம். உங்க வீட்டில் அவங்க தங்குவாங்க, அவங்க வீட்டில் நீங்க தங்கலாம். வாடகை கிடையாது.

இது புது ஐடியா இல்லை. 1953-லேயே ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் தங்களுக்குள் ஆரம்பித்த ஏற்பாடு, ‘இன்டர்வாக்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. நீண்ட லீவு உண்டு, கையில் காசு கம்மி. அந்த நிலைமை இங்கே பலருக்கும் புரியும். 1992-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஹோம்எக்ஸ்சேஞ்ச்’ நிறுவனத்தை 2017-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. இப்போது இந்தத் துறையில் பெரிய பெயர் அதுதான். பதிவு செய்ய காசு இல்லை. பரிமாற்றத்தை உறுதி செய்யும்போது 200 டாலருக்கு மேல் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்.

சென்னை வீட்டுக்கு மவுசு எப்போது?

சிக்கலே இங்கேதான். நம்ம ஊர் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே மாதங்களில். அக்னி நட்சத்திர வெயிலில் சென்னைக்கு வந்து தங்க எந்த ஐரோப்பியக் குடும்பமும் ஆசைப்படாது. அவர்களுக்குப் பெரிய லீவு ஜூலை, ஆகஸ்டில். அப்போது இங்கே பள்ளிக்கூடம் திறந்து பரீட்சையே ஆரம்பித்திருக்கும்.

சென்னை வீட்டுக்கு உண்மையான மதிப்பு டிசம்பரில்தான். மார்கழி சீசனில் மியூசிக் அகாடமிக்கோ நாரத கான சபாவுக்கோ ஆட்டோவில் போகும் தூரத்தில் ஒரு மயிலாப்பூர் வீடு, கிருஷ்ண கான சபாவுக்குப் பக்கத்தில் ஒரு தி.நகர் ஃபிளாட், கலாக்ஷேத்ராவுக்கு அருகே அடையாறில் ஒரு வீடு என்றால், கர்நாடக சங்கீதமும் பரதமும் தேடி வருபவர்களுக்கு அது ஹோட்டலைவிட மேல்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடம் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது நல்ல செய்தி. டிசம்பரில் அவர்கள் இங்கே வந்து போகலாம், அடுத்த மே மாதம் நீங்கள் அங்கே போகலாம். அல்லது யாரையாவது தங்கவைத்துப் ‘பாயின்ட்’ சேர்த்து, அதை வேறு நாட்டில், வேறு ஒருவர் வீட்டில் பயன்படுத்தலாம். சென்னைக்காரர்களுக்கு ஒத்துவரும் வழி இதுதான். அரையாண்டு லீவில் பிள்ளைகளோடு சொந்த ஊருக்குப் போய்விட்டால் வீடு காலி. சீசன் நேரத்தில் மயிலாப்பூரை விட்டுப் போக மனசு வருமா என்பது வேறு கேள்வி!

விசாவில்தான் இடிக்கும்

வீடு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஷெங்கன் விசா விதிகளைப் பார்க்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45. விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். ஹோட்டல் என்றால் புக்கிங் சீட்டு போதும். தனியார் வீடு என்றால்?

பிரான்ஸை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய், 30 யூரோ கட்டி, ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற விருந்தினர் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் முக்கியமான ஒரு வரி உண்டு: வருபவரால் தங்கும் செலவைச் சமாளிக்க முடியாவிட்டால் அதை ஏற்பதாக வீட்டுக்காரர் உறுதி கொடுக்கிறார். முன்பின் பார்த்திராத ஒரு சென்னைக் குடும்பத்துக்காக இப்படி யார் கையெழுத்துப் போடுவார்கள்? சிலர் போடலாம். ஆனால் முதல் பேச்சிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது; எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டால் தர்மசங்கடம்.

அதே பிரெஞ்சுக்காரர் சென்னைக்கு வர ஆன்லைனில் இ-விசா எடுத்தால் போதும். பரிமாற்றம் என்று பெயர் இருந்தாலும், அலைச்சல் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால், மே மாதப் பயணத்துக்கான சான்றிதழ் வேலையை டிசம்பர் விருந்தினர் இங்கே இருக்கும்போதே நேரில் பேசிவிட முடியும். முகம் பார்த்துப் பழகியவர் கையெழுத்துப் போடத் தயங்குவது குறைவு.

நம்ம பக்கம் செய்ய வேண்டியவை

வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும். ‘சி படிவம்’ என்று பழகிய நடைமுறை இது. ஹோட்டலுக்கு மட்டும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தனி வீட்டுக்கும் உண்டு. “காசே வாங்கலியே, நண்பர்தானே” என்பது எடுபடாது. குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. தங்கவைப்பவரின் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. இதற்கான கணக்கை முன்கூட்டியே தொடங்கி வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் விசாரிக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் இதில் இறங்கக் கூடாது. அனுமதி இல்லாமல் வீட்டை இன்னொருவரிடம் ஒப்படைப்பது வெளியேற்றம் வரை இழுத்துவிடும். சொந்த ஃபிளாட் என்றாலும் அசோசியேஷன் செயலாளர் காதில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

வீட்டைப் பற்றி எழுதும்போது மறைக்கவே கூடாத விஷயங்கள் சில உண்டு. அசைவம் சமைக்கக் கூடாது என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். மோட்டார் எத்தனை மணிக்குப் போடணும், மெட்ரோ வாட்டர் எந்த நாள் வரும், குடிக்க எந்தத் தண்ணி, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும், சிலிண்டர் தீர்ந்தால் யாருக்கு போன் பண்ணணும்... இதெல்லாம் நமக்குச் சாதாரணம், அவர்களுக்குத் தெரியாது. தெருவில் மெட்ரோ ரயில் வேலை நடந்தால் அதையும் சொல்ல வேண்டும். பூஜை அறையையும் ஒரு பீரோவையும் பூட்டி வைப்பதில் தப்பில்லை. நகை, பத்திரம் லாக்கருக்குப் போகட்டும்.

முதல் முயற்சிக்கு ஐரோப்பாவைவிட மலேசியா சுலபம். 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். பயணத்துக்கு 3 நாளுக்குள் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பினால் போதும். சென்னையில் இருந்து கோலாலம்பூருக்கு சுமார் 4 மணி நேரம்தான். சிங்கப்பூரில் மட்டும் கவனம் தேவை. அங்கே வீவக வீடுகளைக் குறைந்தது 6 மாதத்துக்கும், தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். வாடகையே இல்லாத பரிமாற்றம் என்றாலும், அனுமதி உண்டா என்று வீட்டுக்காரர் அங்கே கேட்டுச் சொன்ன பிறகு டிக்கெட் போடலாம்.