மட்டை நறுக்கும் பொறியும் அதனை ஊருக்கு அனுப்பும் முறையும்

தென்னையில் வீண் என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றுமில்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கீற்றை முடைந்து கூரை வேய்ந்தனர். ஈர்க்கைச் சீவித் துடைப்பம் கட்டினர். மட்டையை அடுப்பில் வைத்தனர். இன்றோ எருத்தேன்பதி முதலிய எல்லைப்புறச் சிற்றூர்களிலும் கூரைகள் ஓடும் கான்கிரீட்டும் ஆகிவிட்டன. அடுப்படிக்கு எரிவாயு வந்துவிட்டது. மரம் மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டைகளை உதிர்த்துக்கொண்டேயிருக்கிறது.

ஹெக்டேர் ஒன்றுக்கு 175 மரங்கள் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,100 மட்டைகள். எடையில் 6 முதல் 8 டன் வரை ஆகும். இளைஞர் யாவரும் நம்மைப்போல் பிழைப்பைத் தேடி வெளியூர் வந்துவிட்ட பின், வீட்டிலுள்ள முதியவர் இருவர் இவ்வளவையும் என் செய்வர்? வேலியோரம் குவிப்பர், கோடையில் தீ வைப்பர். குவியலில் பாம்பு குடிபுகும். தீயோ அருகிலுள்ள மரத்தையும் வாட்டும்.

இந்நிலையில், மட்டையையும் கிளையையும் சிறு துண்டுகளாக நறுக்கும் கைவண்டி போன்ற சிறு பொறிகள் சந்தைக்கு வந்திருப்பதும், ஊரிலுள்ள பெற்றோருக்கு ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று அன்பர் சிலர் நம்மைக் கேட்டிருப்பதும் இயல்பே. சிறிய பெட்ரோல் எஞ்சினும், வேகமாய்ச் சுழலும் கத்தித் தட்டும், மட்டையை உள்ளே செலுத்தும் வாயும், துண்டுகளை வெளியே தள்ளும் குழாயும், இரண்டு சக்கரங்களுமே இதன் உறுப்புகள். பெருமரத்தின் தண்டை இது ஏற்காது. தென்னை நார் தண்டில் சுற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஈர மட்டை வாயை அடைக்கும். ஆதலின் வாங்குமுன் கடைக்காரர் முன்னிலையில் தென்னை மட்டையையே இட்டுப் பார்த்தல் வேண்டும். மரக்கிளையை நறுக்கிக் காட்டுவது போதாது.

நறுக்கிய துண்டுகளை மரத்தடிப் பாத்தியில் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். ஆனைமலையின் மழைமறைவில் கிடக்கும் நம் நிலத்துக்கு இஃது ஒன்றே பேருதவி. அன்றியும், காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், தென்னை மட்டையோடு பத்தில் ஒரு பங்கு சாணம் சேர்த்து மண்புழுவைக் கொண்டு சுமார் மூன்று திங்களில் உரமாக்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. துண்டு சிறிதாயின் மக்குதலும் விரைவாகும்.

நிற்க. பொறி ஏன் சிறியதாக, இடம் பெயரத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியிலும் பாலக்காட்டுப் பகுதியிலும் சுருள் வெள்ளை ஈ தென்னையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது இலையின் அடியில் ஒட்டி வாழ்வது. மட்டையை வண்டியிலேற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோவோர் அப்பூச்சியையும் உடன் கொண்டுபோகிறார்கள். எனவே மட்டை பொறியிடம் போகலாகாது. பொறியே மட்டையிடம் போக வேண்டும். செவ்வண்டு குடைந்த தண்டையோ அங்கேயே பிளந்து எரித்துவிடுவதே முறை.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானது கையின் காப்பு. கதிரடிக்கும் விசைப்பொறிகளில் உழவர் பலர் கையிழந்து வந்ததை முன்னிட்டே, நாடாளுமன்றம் 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்கள் பற்றிய ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அத்தகைய பொறியின் வாய் 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும், அதில் 45 சென்டிமீட்டர் மூடியும் இருத்தல் வேண்டுமென இந்தியத் தர விதி கூறுகிறது. கை எவ்வளவு நீண்டாலும் கத்தியை எட்டலாகாது என்பதே அதன் கருத்து. மட்டை நறுக்கும் பொறி வாங்குவோரும் இவ்வளவுகோலையே கையிற் கொள்க. வேட்டியை இறுக்கிக் கட்டாமலும், தலைத்துண்டு தொங்கவும், வளையலும் புடவைத் தலைப்பும் தாழவும் எவரும் அருகே நிற்கலாகாது. அடைப்பு நேர்ந்தால் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி, கத்தித் தட்டு முற்றிலும் நின்றதைக் கண்ணாற் கண்ட பின்னரே தொடலாம். எஞ்சின் நின்ற பிறகும் தட்டுச் சற்று நேரம் சுழலும் என்பதை மறவற்க.

ரயிலில் அனுப்பும் முறையைப் பற்றி, பார்சல் மேசையில் நாள்தோறும் சீட்டு எழுதும் நாம் சொல்லத்தக்கவை சில உண்டு. பெட்ரோலுடன் எந்தப் பொறியையும் பதிவு செய்ய இயலாது. தொட்டியையும் குழாயையும் கார்புரேட்டரையும் முற்றிலும் வடித்துவிட வேண்டும். எரிபொருளைச் சொல்லாமல் ஏற்றுவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கத்தியைக் கழற்றித் தனியே கோணியில் சுற்றுக. வாயையும் குழாயையும் பிரித்துக் கட்டுக. பெறுவோர் முகவரியை இரண்டிடங்களில் எழுதுக. பொருளின் மதிப்பை அறிவித்து அதற்குரிய விழுக்காட்டுக் கட்டணத்தைச் செலுத்தாவிடின், நட்டம் நேருங்கால் கிடைப்பது எடையைக் கொண்டு வரையறுத்த சிறு தொகையே. உரிமை கோரும் அறிவிப்பை ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும்.

பாலக்காட்டிலோ கோயமுத்தூரிலோ இறக்கிய பின் எருத்தேன்பதிக்குச் சிறு சரக்கு வண்டியில் நிமிர்த்தி வைத்தே கொண்டு செல்க. சாய்த்தால் எஞ்சின் எண்ணெய் காற்று வடிகட்டியில் புகும். கயிற்றை அடிச்சட்டத்தில் கட்டுக, வாயில் கட்டற்க. மோட்டார் சைக்கிளின் பின்னால் இழுத்துச் செல்ல அதன் சிறு சக்கரங்கள் தகுதியானவையல்ல.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயத் துணைத்திட்டத்தில், சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஓர் உச்சவரம்புக்குட்பட்டு விலையில் பாதி மானியம் என வகுக்கப்பட்டது. அனுப்பும் பணத்தைச் செலவிடுமுன், பெற்றோர் பெயரில் அவ்வுதவி கிடைக்குமா என்பதை ஊர்க் கிருஷி பவனில் விசாரித்தல் நலம். நான்கைந்து வீட்டார் கூடி ஒன்று வாங்குவது இன்னும் சிறப்பு. எவ்வாறாயினும், அதனை இயக்கப்போகிறவர் எழுபது வயதுத் தந்தையா, கூலிக்கு வரும் பழக்கமில்லாத பிள்ளையா என்பதைக் கேட்டறிந்து, பழகிய ஆள் ஒருவரை அமர்த்திய பின்னரே பொறியை அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

அடுத்த இதழில் மண்புழு உரத் தொட்டி கட்டும் முறையைப் பற்றி எழுதுவோம்.