பாறு கழுகும் பதினொரு ஆண்டு அவகாசமும்

காட்டுயிருக்கும் தொழிலுக்கும் 'சமநிலை' வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசும்போதெல்லாம் எனக்குத் தாத்தா நினைவுதான். ஊரில் செத்த மாட்டைத் தூக்குவது அவர்மேல் சுமத்தப்பட்ட வேலை. தோல் உரித்ததும் மிச்சத்தைப் பாறு கழுகுகள் தின்று முடித்துவிடுமாம். பாறுகள் போனபின் குழி வெட்டிப் புதைக்கும் வேலையும் எங்கள் தெருவுக்கே வந்தது. அதற்குத் தனிக் கூலி கிடையாது.

பாறுகளைக் கொன்றது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மாடு இறந்து, அதைத் தின்றால் பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். 2004இல் இது நிரூபணமானது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் இருந்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. மனிதருக்கு ஒரு ஊசிக்கு 3 மி.லி. போதும், 30 மி.லி. குப்பி யாருக்கு? அதை நிறுத்தவே 2015 ஆனது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின; 2017இல் தோற்றன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99 அதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துவிட்டன.

முதலாளிக்குப் பதினொரு ஆண்டு அவகாசம். பழங்குடிகளுக்கு? பாறுகள் இன்றும் கூடு கட்டும் மோயாற்றுப் பகுதியில்தான் முதுமலை இருக்கிறது. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது, 2007 டிசம்பர் கடைசியில், அதைப் புலிகளின் முக்கிய வாழிடமாக அவசர அவசரமாக அறிவித்தார்கள். கிராம சபைகளை யார் கேட்டார்கள்?

பட்டி போடாதே, மாட்டைக் காட்டுக்குள் ஓட்டாதே என்று மேய்ப்பவரிடம் சொல்ல வருகிறவர்கள், முதலில் பக்கத்து மருந்துக்கடையில் என்ன ஊசி விற்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.