பதில் வருகிற கருவியாக வாங்கச் சொல்லுங்கள்



“மலைக்குப் போறோம்மா. நாலு நாளைக்கு சிக்னல் இருக்காது. பயப்படாத.”

அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குக் கோடை வந்தால் இப்படி ஒரு ஃபோன் வந்துவிடுகிறது. பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? அப்பா வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். அம்மா ராத்திரி எழுந்து வாட்ஸ்அப்பில் ‘லாஸ்ட் சீன்’ பார்ப்பார்.

போகாதே என்று தடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் நாலு நாள் காற்றாட நடந்துவிட்டு வரட்டும். ஆனால் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இருக்கும் ஜான் மியூர் பாதை மட்டுமே சுமார் 340 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதியில் செல்ஃபோன் டவர் சிக்னல் கிடைக்காது. கால் பிசகி விழுந்தால், கூட வந்தவர் மணிக்கணக்காக நடந்து போய்த்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். தனியாகப் போயிருந்தால்?

அதனால்தான் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் சின்னக் கருவிகளை இப்போது பலரும் வாங்குகிறார்கள். எடை என்ன, பேட்டரி எத்தனை நாள் வரும், விலை என்ன என்று பிள்ளைகளே அலசி ஆராய்ந்துவிடுவார்கள். பெற்றவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கருவிக்குப் பதில் வருமா?

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன்? பி.எல்.பி. என்று ஒரு வகை உண்டு. ஆபத்தில் பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் பலமான சிக்னல் மேலே போகும். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு அதைப் பிடித்து மீட்புப் படைக்குச் சொல்லும். 1982-லிருந்து உயிர்களைக் காப்பாற்றிவரும் ஏற்பாடு அது. மாதச் சந்தா கிடையாது, பேட்டரி வருடக்கணக்கில் தாங்கும். நம்பகமான பொருள், குறையே சொல்ல முடியாது.

ஆனால் அது சொல்வது ‘நான் ஆபத்தில் இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்’ என்பதை மட்டும்தான். என்ன ஆபத்து என்று சொல்லாது. அழைப்பு கிடைத்துவிட்டது என்று விளக்கு எரிந்து காட்டும் வசதி புதிய மாடல்கள் சிலவற்றில்தான் இருக்கிறது. இருட்டில், குளிரில், முறிந்த காலோடு கிடப்பவருக்கு யாராவது கேட்டார்களா என்று தெரியாமல் போவது எவ்வளவு கொடுமை!

கார்மின் இன்ரீச், ஸோலியோ மாதிரியான கருவிகளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளலாம். எஸ்.ஓ.எஸ். அழுத்தியதும் மீட்பு மையம் கேட்கும்: என்ன ஆயிற்று? நடக்க முடியுமா? எத்தனை பேர் இருக்கிறீர்கள்? தலையில் அடியா, கணுக்கால் சுளுக்கா என்பது தெரிந்தால்தானே ஹெலிகாப்டரா, நடந்து போகும் குழுவா என்று முடிவெடுக்க முடியும்? வீட்டுக்கும் ஒரு வரி வரும்: ‘கால்தான் வீங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்ல.’ அந்த ஒரு வரிக்கு எவ்வளவு சந்தா கட்டினாலும் தகும் என்பேன்.

இந்த இரண்டுமே இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசுபவை. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், குடத்தைக் கைக்குக் கை மாற்றுவதுபோல மெசேஜை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கீழே கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால் நடுக்கடலிலும் துருவத்திலும்கூட எடுக்கும். ஸ்பாட் என்ற கருவி பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் அப்படியல்ல. செயற்கைக்கோளுக்கும் தரை நிலையத்துக்கும் ஒரே சமயத்தில் நேர்ப்பார்வை இருக்க வேண்டும். அதனால் பெருங்கடல்களில் இடைவெளிகள் உண்டு. மலைக்கு மட்டும் போகிறவருக்கு இது பெரிய குறையில்லை. பாய்மரப் படகில் கடல் தாண்டுகிறவருக்குக் குறைதான்.

“என் ஐஃபோனிலேயே அது இருக்கே” என்பார்கள். உண்மைதான். ஐஃபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறது, அமெரிக்காவில் சாதாரண மெசேஜும் அனுப்பலாம். ஆனால் ஃபோட்டோ எடுத்து, மேப் பார்த்து, பாட்டு கேட்டு சார்ஜ் தீர்ந்துபோன ஃபோனை நம்பியா உயிரை வைப்பது? அது கூடுதல் துணையாக இருக்கட்டும். நாலைந்து நாள் ஆளில்லாத இடத்துக்குப் போகிறவர் தனிக் கருவி ஒன்றைத் தோள்பட்டையில் மாட்டிக்கொள்வது நல்லது. வருடத்துக்கு ஒரு முறை போகிறவர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கருவி வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மெசேஜ் வராவிட்டால் என்ன அர்த்தம்? அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் குறுகலான பள்ளத்தாக்கிலும் வானம் முழுசாகத் தெரியாது, மெசேஜ் தாமதமாகும். இதை அறியாத வீட்டில் இரண்டு மணி நேரம் வரி வரவில்லை என்றாலே சோறு இறங்காது. அதனால் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: தினம் ராத்திரி கூடாரம் போட்டதும் ஒரு வரி. கோடையில் கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை 9.30. அது தவறினால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதற்குப் பிறகு யார் யாரைக் கூப்பிடுவது என்பதும் முடிவாகட்டும். அந்த மெசேஜ் நம் ஊர் நம்பருக்கு ஒழுங்காக வருகிறதா என்று முன்கூட்டியே ஒரு முறை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாரைக் கூப்பிடுவது என்றேனே, அங்கேதான் சிக்கல். மதுரையிலிருந்து 911 அடித்தால் அமெரிக்காவுக்குப் போகாது. கலிஃபோர்னியாவில் காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு அந்தந்த கவுன்டியின் ஷெரிஃப் அலுவலகத்துக்கு, தேசியப் பூங்கா என்றால் பூங்கா ரேஞ்சர்களுக்கு. அவர்களுடைய முழு நம்பரும், பிள்ளை போகும் பாதையின் பெயரும், காரை நிறுத்தும் இடமும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கட்டும்.

இன்னொன்று. எஸ்.ஓ.எஸ். போனதும் மீட்பு மையம், பதிவு செய்திருக்கும் நம்பர்களுக்கு ஃபோன் செய்யும். தெரியாத வெளிநாட்டு நம்பர் என்றால் நாம் எடுப்போமா? மோசடிக்காரன் என்று கட் செய்துவிடுவோம், இந்தக் காலத்தில் அதுதான் புத்திசாலித்தனமும். அதனால் அங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரின் நம்பரை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்ததாக உங்கள் நம்பர் இருக்கட்டும். அந்த நாலு நாளும் எந்த ஃபோன் வந்தாலும் எடுங்கள்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. விடுமுறைக்கு வரும்போது ‘இமயமலை ட்ரெக்கிங்குக்கு ஆகுமே’ என்று அந்தக் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் இரிடியம், துராயா போன்ற செயற்கைக்கோள் சேவைக் கருவிகளை இங்கே வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் சாட்டிலைட் ஃபோன் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இந்தக் கெடுபிடி ஏன் என்று புரியும். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், இப்படி ஒரு கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் போலீஸ் வழக்கில் மாட்டிக்கொண்டார். பையில் மறந்து வைத்துவிட்டேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நல்ல பிள்ளை, நல்ல எண்ணம், ஆனால் ஸ்டேஷன், கோர்ட் என்று லீவு முழுக்க அலைய நேரும்.

அப்படியானால் நம் ஊரில் இது யாருக்கும் கிடையாதா? நியாயமான கேள்வி. பொழுதுபோக்குக்காக அல்ல, பிழைப்புக்காகவே சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே. குமரி மாவட்டம் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது அவர்களில் பலர் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். படகின் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. எச்சரிக்கை கடலுக்குப் போகவில்லை, கடலிலிருந்து கரைக்கும் எதுவும் வரவில்லை. எத்தனை வீடுகளில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்!

இப்போது நிலைமை மாறிவருகிறது, முழுசாக மாறவில்லை. இஸ்ரோவின் டிஸ்ட்ரெஸ் அலர்ட் டிரான்ஸ்மிட்டர் 2010 முதல் புழக்கத்தில் இருந்தாலும் அதில் தகவல் ஒரு பக்கம்தான் போனது. 2024 ஜனவரியில் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், உங்கள் அழைப்பு கிடைத்தது என்ற பதில் படகுக்கே வருகிறது. புயல் எச்சரிக்கையும் வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதிலும் இரு பக்கமும் மெசேஜ் அனுப்பலாம்.

கடற்கரை ஊர்களில் இருக்கும் நம் வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆண்கள் போகும் படகில் இந்தக் கருவி இருக்கிறதா, கிளம்பும்போது அது வேலை செய்கிறதா, அதில் வரும் மெசேஜைக் கரையில் யார் பார்க்கிறார்கள் என்று படகு முதலாளியிடம் கேளுங்கள். இல்லை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். படகின் பதிவு எண்ணை ஃபோனில் ஏற்றி வையுங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கூப்பிட்டால் படகு எது, எங்கே போனது, எத்தனை பேர் என்று அவர்கள் கேட்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்