நுகத்தடியும் நட்பும்

நெடுங்கேணியில் சைவ அயலவரோடு ஒரே குளத்து நீரைப் பங்கிட்டு வயல் விதைத்து, நன்மை தீமைகளில் கூடி நிற்கும் கிறிஸ்தவர்களை அவர்களை விட்டு விலகுமாறு சொல்வது வேதத்தின் கருத்துமன்று, என் கருத்துமன்று; பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்குத் தடுத்தது சிநேகத்தையன்று, அவிசுவாசிகளோடான நுகப்பிணைப்பையே. ஏரிற் பூட்டிய எருது தன் இணையெருது இழுக்கும் பக்கமே போகும் என்பதை எங்கள் கமக்காரர் நன்கறிவர். அவ்வாறு அவிசுவாசி, அதாவது தேவபயமற்றவர், என நான் கருதுவது வேற்று மதத்தவரையன்று. இலாபத்துக்காக எதையும் விற்கத் துணிந்தவரையே, அவர் ஞானஸ்நானம் பெற்றவராயிருப்பினும். அத்தகையோரோடு பிணைவதன் முடிவை எங்கள் சரித்திரமே காட்டும்: 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியோடு சீர்திருத்தச் சபை கைகோத்து நின்றது; உத்தியோகம் வேண்டுவோர் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றும், கத்தோலிக்க குருமார் கால்வைக்கலாகாது என்றும் விதிகள் எழுந்தன; வியாபாரிகளின் அதிகாரமே சபையின் பலமாயிற்று. 1795–96இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், பள்ளித் தோம்புகள் எனும் பதிவேடுகளிற் பதியப்பட்டிருந்த விசுவாசிகளிற் பெரும்பாலோர் சில வருடங்களுக்குள் அகன்று போயினர். கோவாவிலிருந்து 1687இல் அரச ஆதரவேதுமின்றி ஏழைக் கோலத்தில் வந்திறங்கி, அதே கம்பனியால் துரத்தப்பட்ட ஜோசப் வாஸ் அடிகள் பேணிய கத்தோலிக்க சமூகமோ இன்றளவும் நிலைத்து நிற்கிறது. ஆகவே சபை மூப்பர்களே, தேர்தல் வேட்பாளரோ ஒப்பந்தக்காரரோ ஆலயக் கட்டடத்துக்கென்று பணம் நீட்டும்போது, அதை எண்ணுவதற்கு முன், நாளை அவர் நம்மிடம் எந்த மௌனத்தை விலையாகக் கேட்பார் என்று விசாரியுங்கள்.