பசியை அளந்து வைக்கும் கலை

கணினி விளையாட்டு என்றதும் நம்மிற் பெரியவர் பலர்க்கு முதலில் தோன்றுவது சலிப்பு. அடுத்துத் தோன்றுவது அச்சம். படிப்பு என்னாகும், கண் என்னாகும் என்னும் கவலை பொய்யானதன்று. ஆயினும் இத்திங்கள் அக்கவலையைச் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, வேறொரு கேள்வியை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இவ்விளையாட்டுகளை அமைப்போர் உண்மையில் எதனை அமைக்கிறார்கள்? இதனை அறியாமல் நல்லது இது, தீயது இது என்று பிரித்துச் சொல்ல நமக்கு இயலாது. ‘நானும் இப்படி ஒரு விளையாட்டை அமைக்கப் போகிறேன்’ என்று சொல்லும் மகனுக்கோ மகளுக்கோ நாம் கூறும் மறுமொழியும் வெறும் அதட்டலாகவே முடிந்துவிடும்.

விளையாட்டுகளில் பல வகை உண்டு. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டுமே. ஆடுபவர் முன்பின் அறியாத நிலத்தில் வெறுங்கையோடு இறங்குகிறார். இன்ன வழியிற்றான் செல்ல வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. ஆதலின் அது திறந்த உலகம். பசிக்கும் குளிருக்கும் இருளுக்கும் தப்பி உயிரோடிருக்க வேண்டும், அது பிழைத்திருத்தல். தாம் ஏற்றுக்கொண்ட பாத்திரம் நாளடைவில் திறமும் கருவியும் பெற்று வளர வேண்டும், அது பாத்திரமேற்றல். இம்மூன்றும் கூடியதே இவ்வகை. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கி, வாடகை வீடும் அரிசிக் கடையும் தேடி அலைந்து, மெல்ல மெல்ல வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு இக்கதைக்கரு புதிதன்று.

இத்தகைய விளையாட்டை அமைக்க விழையும் இளைஞர் முதலில் எண்ணுவது உலகின் பரப்பைத்தான். பெரிய உலகமே சிறந்த உலகம் என்பது அவர்கள் நினைப்பு. இங்கிலாந்திலுள்ள ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’ இதற்கொரு பாடம். விதை எண் ஒன்றைக் கொடுத்தால், வகுத்த விதிகளின்படி மலையையும் கடலையும் விலங்கையும் கணினியே படைத்துவிடும் முறை அதிற் கையாளப்பெற்றது. அங்குள்ள கோள்களின் எண்ணிக்கை 18-க்குப் பின் 18 சுழிகள் இட்டால் வருவது! ஆயினும் வெளிவந்த நாளில் பலர் மனம் நிறைவடையவில்லை. சொன்னவை பல இல்லை என்றனர். கோள்கள் சில கண்டபின் ஒன்றுபோல் மற்றொன்று தோன்றுகிறது என்றனர். அந்நிறுவனத்தார் சோர்ந்துவிடாமல் ஆண்டுதோறும் கட்டணமின்றிப் புதியன சேர்த்து, இழந்த நன்மதிப்பை மீட்டுக்கொண்டனர் என்பதையும் சொல்லவேண்டும். பரப்பைக் கணினி தரும். அப்பரப்பில் ஏன் நடக்கவேண்டும் என்ற காரணத்தை மனிதர்தாம் தரவேண்டும்.

அக்காரணம் எது? அதுவே குறை. பசியோ மூச்சோ வெளிச்சமோ, ஏதோ ஒன்று அளவோடு குறைவாக இருத்தல் வேண்டும்.

2018-ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த ‘சப்நாட்டிகா’வைப் பாருங்கள். அந்நியக் கோளொன்றின் கடலில் விழுந்தவரின் கதை அது. தொடக்கத்தில் நீருள் மூச்சடக்கக் கூடிய நேரம் 45 வினாடி. இந்த ஓரெண்ணே அவ்வுலகின் அளவுகோலாகிவிடுகிறது. எட்டும் தொலைவில் உள்ளவை எவை, எட்டாதவை எவை என்பதை மூச்சே முடிவு செய்கிறது. காற்றுக்கலம் ஒன்று செய்துகொண்டதும் முன்பு அச்சமூட்டிய பாறைப் பிளவு பழகிய தெருவாகிறது. அதற்கும் கீழே புதிய இருள் ஒன்று காத்திருக்கிறது. அக்கடலடி முழுவதும் கணினி தானே படைத்ததன்று, கையால் அமைக்கப்பெற்றது. வழிகாட்டும் வரைபடமும் ஆடுபவர்க்குத் தரப்படவில்லை. கொல்லும் துப்பாக்கிகளை இவ்விளையாட்டில் வைப்பதில்லை என்று அதனை இயக்கிய சார்லி கிளீவ்லாந்து முடிவு செய்தார். 2012-இல் அமெரிக்கப் பள்ளியொன்றில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடே அம்முடிவுக்குக் காரணம் என்று அவர் கூறியிருக்கிறார். எதனைத் தருவது என்பதைப் போலவே எதனைத் தராமல் விடுவது என்பதும் அமைப்பாளரின் அறத்தைக் காட்டும்.

ஸ்வீடன் நாட்டில் ஐவர் மட்டும் கொண்ட சிறு குழுவொன்று 2021 பிப்ரவரியில், முழுமை பெறுமுன்பே விற்பனைக்குக் கொணர்ந்தது ‘வால்ஹைம்’. சில வாரங்களுக்குள் 50 லட்சம் படிகள் விற்றன. அதிற் பசி எவரையும் கொல்லாது. உண்டவர்க்கு உடல்வலிமை ஏறும், உண்ணாதவர் மெலிந்தவராக இருப்பார், அவ்வளவே. ஒரே உணவைத் திரும்பத் திரும்ப உண்பதினும் மூன்று வகை உணவு உண்பதே பயன் தரும். கூரையின்கீழ் நெருப்பருகில் இளைப்பாறி வந்தவர்க்கு உழைக்கும் ஆற்றல் கூடுகிறது. ஆனால் புகை போக வழியின்றி வீட்டுக்குள் தீ மூட்டினால் அப்புகையே உடலை வருத்தும். உலோகத் தாதுக்களை மாய வாயில் வழியே நொடியில் அனுப்பிவிட இயல்பான விதி இடந்தருவதில்லை; படகேற்றிக் கடல் கடந்தே கொண்டுவர வேண்டும். அந்த ஒரு தடையினாற்றான் கடற்பயணம், துணைவர், துறை, சாலை யாவும் பொருள் பெறுகின்றன.

இங்கே குறையென்பது தண்டனையன்று. உலகைக் கற்பிக்கும் ஆசிரியர். அவ்வாசிரியரை எப்படி நியமிப்பது? எளிய கணக்கு ஒன்று சொல்வோம். விளையாட்டில் ஒரு பகல் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பத்துப் பழம் உண்டாக வேண்டும். ஒரு பழம் தேட அரை நிமிடம் ஆனால், உணவுக்கு 5 நிமிடம் போக, 15 நிமிடம் ஊர் சுற்றவும் வீடு கட்டவும் மிஞ்சும். ஒரு பழத்துக்கு 2 நிமிடம் ஆனாலோ பகல் முழுவதும் பழத்துக்கே போய்விடும்; விளையாட்டு கூலி வேலையாகிவிடும். பழம் காலடியிலேயே கொட்டிக் கிடந்தால் பசி இருப்பதே மறந்துபோகும். எண்ணொன்று மாறினால் உலகமே மாறுகிறது.

இவ்விடத்திற்றான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். குறையைக் கற்பிக்கவும் பயன்படுத்தலாம்; கறக்கவும் பயன்படுத்தலாம். விலையில்லை என்று சொல்லிக் கைப்பேசியில் நுழையும் விளையாட்டுகள் பலவற்றில் பசியும் காத்திருப்பும் வேண்டுமென்றே மிகையாக அளக்கப்பட்டுள்ளன. ‘காசு கொடு, உடனே தீரும்’ என்று பக்கத்திலேயே பொத்தானும் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளிருப்பது இன்னதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் உண்டு. அவ்வகைப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று பெல்ஜிய நாட்டு ஆணையம் 2018-இல் அறிவித்தது. ஆகவே பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இக்குறை அறிவாலும் உழைப்பாலும் தீருமா, அல்லது பணத்தாலேயே தீருமா? முன்னது விளையாட்டு, பின்னது கடை.

நல்ல விளையாட்டுக்கும் ஒரு தீங்கு உண்டு. திறந்த உலகத்துக்கு முடிவில்லை. எனவே கடிகாரத்தை மட்டும் காட்டி நடுவில் பறிப்பதைவிட, விளையாட்டுக்குள் ஒரு பகல் முடிந்து பாத்திரம் படுக்கைக்குச் செல்லும் வேளையையே நிறுத்தும் எல்லையாக முன்கூட்டிப் பேசிக்கொள்வது நன்று. அப்போது சண்டையும் குறையும், சொல்லும் நிலைக்கும்.

அமைக்க விரும்பும் இளையோருக்கும் ஒரு சொல். விலையுயர்ந்த கணினி இல்லையே என்று காத்திருக்க வேண்டா. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் காகிதத்திற் பிறந்தவை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தாளும் பென்சிலும் பகடையும் கொண்டே ஆடப்பெற்றது. கட்டம் போட்ட தாளொன்றை எடுத்து மூன்று இடங்கள், மூன்று குறைகள், பத்து நாட்கள் என்று வகுத்துக்கொள்ளுங்கள். தங்கையையோ பாட்டியையோ ஆடச் செய்யுங்கள். எங்கே அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள், எங்கே ‘இன்னும் ஒரு நாள்’ என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு எண்களைத் திருத்துங்கள். அது நன்றாக வந்தபின் ‘கோடோ’ போன்ற கட்டணமில்லா மென்பொருளில் அதே சிறு உலகைக் கட்டலாம். முறையாகக் கற்க விழைவோர்க்கு, பெங்களூரிலுள்ள தேசிய வடிவமைப்புக் கழக வளாகத்தில் இத்துறைக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. பள்ளியிற் கற்கும் கணக்கும் ஓவியமும் நிலநூலும் மொழியும் இதற்கு அடிப்படை. அவற்றைக் கைவிட்டு இதனைப் பிடிக்க முயல்வோர் இரண்டையும் இழப்பர்.

இல்லாமையை அளந்து வைத்து, அதனைத் தீர்க்கும் வழியையும் அவ்வுலகத்துக்குள்ளேயே வைப்பவர் நல்ல அமைப்பாளர். தம் பிள்ளைக்கு எதைத் தருவது, எதை அவரே தேடிக்கொள்ள விடுவது என்று நாள்தோறும் அளந்து பார்க்கும் பெற்றோர்க்கு இக்கலை விளங்காமற் போகாது. ஆகவே, இனி வீட்டில் அத்திரை ஒளிரும்போது அருகமர்ந்து, ‘இங்கே உனக்கு என்ன குறை? அதை எப்படித் தீர்க்கப் போகிறாய்?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.